குதிரைக்குப் பொய் தெரியும்

ராஜஸ்தானின் ஷெகாவாட்டி மணல் பாதைகளில் நான்கு நாள் குதிரைப் பயணம். முதல் முறை போகிறவர் எப்படித் தயாராக வேண்டும்?

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் சிக்கலானது. 'உங்கள் சவாரி அனுபவம்?' எதிரே மூன்று கட்டங்கள்: புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர். ஷெகாவாட்டியில் ஒரு பழைய கோட்டையின் முற்றம். ஜனவரி மாத மாலைக் குளிர். உடன் வந்த ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் 'நடுத்தரம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். என் மொத்த அனுபவம் இவ்வளவுதான்: பள்ளி நாட்களில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி, குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, ஒரு ரவுண்டு, தில்லியில் ஒரு சவாரிப் பள்ளியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

என்னை நம்பி காஜல் என்ற செம்பழுப்பு நிறக் குதிரையைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை எல்லாம் சுகமாகவே நடந்தது. மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கடுகு வயல்கள். நடுநடுவே தழைக்காகக் கிளை வெட்டப்பட்ட கேஜ்ரி மரங்கள் - நம் ஊர் வன்னி மரமேதான். எதிர்ப்பட்ட பெரியவர்கள் 'ராம் ராம்' என்றார்கள். ராஜா மாதிரி பதில் வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன். குதிரை நடக்கும்போது யாரும் சவாரிக்காரர்தான்.

பிற்பகலில் அகலமான மணல் பாதை வந்தது. முன்னே போனவர் கையை உயர்த்தினார். குதிரைகள் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறின. இந்தியில் இதற்கு துல்கி என்று பெயர். நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகும் குதிரை, துல்கியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் போகும். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு என்று சீரான தாளம். ஒன்றுக்கு எழ வேண்டும், இரண்டுக்கு உட்கார வேண்டும். பழகியவர்கள் இதை யோசிக்காமல் செய்கிறார்கள். பழகாதவர் ஒவ்வொரு தாளத்துக்கும் மூட்டை மாதிரி சேணத்தின் மேல் தொப்பென்று விழுகிறார். விழாமல் இருக்க, கையில் இருக்கும் ஒரே பிடியான கடிவாள வாரை இழுத்துப் பிடிக்கிறார். வாரின் மறுமுனையில் இருப்பது குதிரையின் வாய்க்குள் கிடக்கும் இரும்பு.

இருபது நிமிடம் நான் செய்தது அதைத்தான்.

மாலையில் முகாமில் சேணத்தைக் கழற்றிய சயீஸ் - குதிரையைப் பராமரிப்பவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள் - என்னைக் கைகாட்டி அழைத்தார். அறுபது வயதைத் தாண்டியவர். காஜலின் உதட்டை மெல்ல விலக்கிக் காட்டினார். வாயோரம் சிவந்து கன்றியிருந்தது. முதுகில் சேணம் அழுத்திய இடத்தைத் தொட்டதும் அவள் சிலிர்த்து நகர்ந்தாள். "உங்கள் வலி நாலு நாளில் போய்விடும் சாஹிப்" என்றார். "இவளுக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது." குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அந்த இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காஜலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நான் சாமான் ஏற்றிய ஜீப்பில் போனேன். ஜீப்பில் உட்கார்ந்து யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி.

ஷெகாவாட்டி என்பது ராஜஸ்தானின் வடகிழக்கே ஜுன்ஜுனூ, சீகர், சூரூ மாவட்டங்களைக் கொண்ட பகுதி. தில்லியிலிருந்து சாலை வழியே ஐந்தாறு மணி நேரம். இங்கிருந்து கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போய்ச் செல்வம் சேர்த்த மார்வாரி வணிகர்கள் சொந்த ஊர்களில் ஹவேலிகளைக் கட்டினார்கள். நவல்கர், மண்டாவா, பதேபூர் தெருக்களில் சுவரெல்லாம் ஓவியம். கிருஷ்ணன் பக்கத்தில் ரயில் வண்டி. யானைக்குப் பக்கத்தில் மோட்டார் கார். ஊருக்கு ஊர் தூரம் குறைவு. பாதையெல்லாம் மென்மணல். முதல் முறை சவாரி போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

காரணம் மண் மட்டுமல்ல, குதிரையும்தான். இங்கே ஏறுவது பெரும்பாலும் மார்வாரி இனம். காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். பக்கத்து மாநிலமான குஜராத்தின் கத்தியவாரி இனத்துக்கும் இந்த அடையாளம் உண்டு. 1576ல் ஹல்திகாட்டிப் போரில் காயத்தோடு ராணா பிரதாப்பைச் சுமந்து காப்பாற்றியதாகச் சொல்லப்படும் சேதக்கின் கதையை ராஜஸ்தானின் எல்லா லாயத்திலும் சொல்வார்கள்.

ஆனால் இந்த இனம் அழிவின் விளிம்பு வரை போய் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஜாகிர்தாரி ஒழிந்து, பிரபுக்கள் நிலத்தை இழந்தபோது லாயங்களும் காலியாயின. பல குதிரைகள் சுமை இழுக்கப் போயின, பல கொல்லப்பட்டன. 1952ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1999ல் ஷெகாவாட்டியின் துண்ட்லோத் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ரகுவேந்திர சிங்கும் ஃபிரான்செஸ்கா கெல்லியும் முன்னின்று இந்தியப் பாரம்பரியக் குதிரைகளுக்கான சங்கத்தைத் தொடங்கிய பிறகுதான் இனத்தைக் காக்கும் முயற்சி சூடு பிடித்தது. இருந்தும் நாடு முழுவதும் குதிரைகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012ல் ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019ல் 3.4 லட்சமாகிவிட்டன.

வேலை இல்லாத குதிரைக்குத் தீனி போட யாரும் இல்லை. கல்யாண ஊர்வலம், சந்தை, இந்தச் சவாரிப் பயணம் - இப்போது மிஞ்சியிருக்கும் வேலைகள் இவைதான். ஆகவே நீங்கள் கட்டும் பணம் ஒரு குதிரையை லாயத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் தயாராகாமல் போனால் அதே குதிரையின் முதுகில் புண் வைக்கிறது. திட்டமிட வேண்டியது இதை மனதில் வைத்துத்தான்.

முதலில் பயிற்சி. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பத்துப் பதினைந்து வகுப்புகளாவது வேண்டும். பெரிய நகரங்கள் பலவற்றில் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. எனக்கு இரண்டாம் முறை கற்றுக்கொடுத்தவர் குதிரைப் படையில் ரிசால்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "கையைப் பிடிமானமாக நினைக்கிற வரை நீ ஏறவே இல்லை" என்பார் உஸ்தாத். துல்கியில் பத்து நிமிடம், கடிவாள வாரை இழுக்காமல் எழுந்து உட்கார முடிகிறதா? முடிந்தால் பயணத்துக்குப் பதிவு செய்யலாம். அதற்குள் தொடையும் முதுகும் பழகியிருக்கும். வீட்டில் தினம் இருபது முறை உட்கார்ந்து எழுந்தால் அதுவும் உதவும்.

அடுத்தது காலம். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் சரி. 2019 ஜூனில் சூரூவில் வெயில் 50 டிகிரியைத் தாண்டியது. அதே சூரூவில் ஜனவரி இரவு உறைநிலைக்கே போகும். கம்பளி உடை அவசியம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் புஷ்கர் சந்தைக்குக் குதிரையிலேயே போகும் பயணங்களும் உண்டு. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் கூட்டமும் ஒலிபெருக்கியும் ஒட்டகமும் சேர்ந்த இடம் புதியவருக்கு ஏற்றதல்ல. அதைப் பார்க்க பஸ்ஸில் போங்கள்.

எவ்வளவு தூரம்? தேர்ந்தவர்களின் பயணத்தில் நாளைக்கு முப்பது கிலோமீட்டர் சாதாரணம். சேணத்தில் ஐந்தாறு மணி நேரம். புதியவருக்கு அதில் பாதி போதும். காலையில் இரண்டு மணி, மாலையில் ஒரு மணி. முடிந்தால் தினம் கூடாரத்தை மாற்றும் பயணத்தைத் தவிர்த்து, ஒரே ஊரில் தங்கி அங்கிருந்து போய்வரும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு ஒத்துழைக்காத நாளில் ஹவேலி பார்க்கப் போகலாம்.

எடை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை கூடாது என்பது பொதுவான விதி. 400 கிலோ குதிரை என்றால் சேணம், தண்ணீர், நீங்கள் எல்லாம் சேர்த்து 80 கிலோ. இதற்கு மேல் போனால் பெரிய குதிரை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அமைப்பாளர் எடையை விசாரிக்கவே இல்லை என்றால் நீங்கள் அவரை விசாரிக்க வேண்டும்.

வேறு கேள்விகளும் உண்டு. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? கூடவே வண்டி வருமா? பாதி வழியில் இறங்கி அதில் ஏறிக்கொள்ளலாமா? தலைக்கவசம் தருவார்களா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? குதிரைகளுக்கு ஓய்வு நாள் உண்டா? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அந்தக் கிருமி இருக்கும். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கும் பாலிசிகள் இருக்கின்றன.

உடையில் ஆடம்பரம் வேண்டாம். உள்தொடையில் தடித்த தையல் இல்லாத, காலோடு ஒட்டிய பேன்ட். சிறிய குதிகால் உள்ள ஷூ - பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது முக்கியம். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு இழுபடுவதுதான் சவாரியில் பெரிய ஆபத்து. தாடைப் பட்டை உள்ள தலைக்கவசம். கழுத்துக்கு ஒரு பருத்தித் துண்டு. தோளில் தொங்கும் பை, காமிரா எதுவும் கூடாது.

ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் குதிரையைப் பாருங்கள். விலா எலும்பு துருத்தியிருக்கிறதா? சேணத்துக்கும் வயிற்று வாருக்கும் அடியில் புண் இருக்கிறதா? வாயோரம் சிவந்திருக்கிறதா? நடக்கும்போது தலையை ஆட்டி நொண்டுகிறதா? ஒன்று இருந்தாலும் வேறு குதிரை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. குதிரையால் கேட்க முடியாது.

அடுத்த ஆண்டு அதே கோட்டைக்குத் திரும்பப் போனேன். இடையில் பதினாறு வகுப்புகள் முடித்திருந்தேன். நான்கு கிலோ இளைத்திருந்தேன். அதே படிவம், அதே மூன்று கட்டங்கள். இம்முறை 'புதியவர்' என்பதில் டிக் அடித்தேன். இருப்பதிலேயே வயதான, யாரையும் அவசரப்படுத்தாத ஒரு சாம்பல் குதிரையைக் கொடுத்தார்கள். உடன் வந்தவர்கள் பாய்ந்து போனபோது நான் கடைசியில் வந்தேன். துல்கியில் எழுந்து உட்கார்ந்தபடியே ஒரு கிராமத்தைக் கடந்தேன். பெரியவர் ஒருவர் 'ராம் ராம்' என்றார். இரண்டு கையும் கடிவாளத்தில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாலையில் அதே சயீஸ் சேணத்தைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே நின்றேன். முதுகைத் தடவிப் பார்த்தார். உதட்டை விலக்கிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலி வாளியை எடுத்து என் கையில் கொடுத்து, தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் கைகாட்டினார்.