அரைமணி நடைக்குள் ஓர் ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய நீளமான செய்தியில் கேள்விகள் மூன்றுதான். லண்டனை விட்டு லெட்ச்வொர்த்துக்குக் குடிபோகலாமா? 33 ஆயிரம் பேர் மட்டும் இருக்கிற ஊரில் குழந்தை ஒடுங்கிப்போய்விட மாட்டாளா? நாளைக்கு அவள் 'நான் எந்த ஊர்?' என்று கேட்டால் என்ன சொல்வது? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் நடுவில் 'நான் சென்னை மாதிரிப் பெரிய நகரத்தில் வளர்ந்தவள், சின்ன ஊர் எனக்குப் பழக்கமில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனதுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நீ சென்னையில் வளரவில்லையம்மா, மயிலாப்பூரில் வளர்ந்தாய். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர். 46 லட்சம் பேருக்கு நடுவில் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. அதற்குள்ளே இருக்கிற ஓர் ஊரில்தான் வளர்கிறது. அந்த ஊர் எவ்வளவு பெரியது, அதில் என்னென்ன இருந்தது என்பதை நீ மறந்துவிட்டதால்தான் லெட்ச்வொர்த் உனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

லஸ் முனையில் புறப்பட்டு, கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் கடற்கரை போய்ச் சேர அரைமணி நடை. அந்த அரைமணிக்குள், சற்று இப்படியும் அப்படியும் விலகினால், 1516இல் கட்டிய லஸ் கோயில், கபாலீஸ்வரர் கோயிலும் குளமும், பள்ளிவாசல், சமணக் கோயில், சாந்தோம் பேராலயம், கடைசியில் மீனவர் குப்பம் என்று எல்லாம் வந்துவிடும். 1904இல் தொடங்கிய ரானடே நூலகம், நாகேஸ்வர ராவ் பூங்கா, சபாக்கள், கைவிரல்களுக்குள் அடங்காத பள்ளிக்கூடங்கள் என்று வேறு இருக்கின்றன. பிள்ளை வளர்க்க ஏற்ற நடுத்தர ஊர் எது என்று கேட்டால் நான் மக்கள்தொகையைச் சொல்ல மாட்டேன். பத்து வயதுப் பிள்ளை தன் காலால் நடந்து முடிக்கிற அளவு ஒன்று. எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டாக இருப்பது மற்றொன்று. கிராமத்தில் பள்ளிக்கூடம் ஒன்று, மைதானம் ஒன்று. அந்த ஒன்று பிடிக்கவில்லையானால் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. மாநகரத்தில் எல்லாம் ஆயிரம் இருந்தாலும் யாராவது வண்டியில் கொண்டுவிட வேண்டும். 1929இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் ஒரு குடியிருப்புக்கு எது அளவு என்று யோசித்தபோது ஆரம்பப் பள்ளியை நடுவில் வைத்தார். பெருஞ்சாலையைக் கடக்காமல் குழந்தை பள்ளிக்கு நடந்துபோக வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. குளத்தையும் கோயிலையும் சுற்றி நான்கு மாட வீதி போட்டவர்கள் பள்ளிக்கூடத்தை நினைக்கவில்லைதான், ஆனாலும் அவர்கள் கையில் இருந்ததும் நடையளவுதான்.

நடையளவு ஏன் முக்கியம் என்றால், அந்த அளவில்தான் பிள்ளை ஊருக்குத் தேவைப்படுகிறது. கான்சாஸ் மாநிலத்தில் ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் பெரிய பள்ளி, சின்ன பள்ளி இரண்டையும் ஒப்பிட்டு 1964இல் ஒரு நூல் எழுதினார்கள். பெரிய பள்ளியில் நடவடிக்கைகள் அதிகம்தான், ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்கிறார்கள். சின்ன பள்ளியில் நாடகத்துக்கும் ஆள் போதாது, பந்தாட்டத்துக்கும் ஆள் போதாது. ஆகவே கூச்சப்படுகிற பிள்ளையையும் இழுத்து மேடையில் நிறுத்துகிறார்கள், அதுவும் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. பங்குனியில் அறுபத்துமூவர் வலம் வரும் நாளன்று மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தல்களைக் கவனித்தால் இது விளங்கும். அண்டாவில் மோர் கலக்குவது பெரியவர்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் மிதக்கிற அந்த மோரை டம்ளரில் மொண்டு கூட்டத்துக்குள் நீட்டுகிற கைகளில் பாதி பிள்ளைகளுடையவை. பெரியவர்கள் கை மட்டும் அத்தனை கூட்டத்துக்குப் போதாது. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கும். தார்ச்சாலையில் கட்டம் போட்டு ஆளுக்கொன்று கொடுப்பார்கள். தனக்கென்று ஒரு கட்டம் கிடைத்த பெண்குழந்தை அதன்பிறகு அந்தத் தெருவை வேறு கண்ணால் பார்க்கும்.

தேவைப்படுவது பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களுந்தான். 1956இல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியது அரசாங்கமோ பெரிய முதலாளியோ அல்ல, மயிலாப்பூர் மாதர் சங்கம். பால்ய விதவையாக இருந்து 1911இல் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அந்த முயற்சியில் முன்னின்றார். பத்துப் பெண்கள் கூடிப் பேசி ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கிவிடலாம் என்ற தைரியம் நடுத்தர ஊரில்தான் வரும். கிராமத்தில் அதற்குப் பணம் சேராது. மாநகரத்தில் 'யாராவது செய்வார்கள்' என்று இருந்துவிடுவோம்.

உன் லெட்ச்வொர்த்தைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வெறும் ரயில் ஊர் என்று எழுதியிருக்கிறாய். பெருநகரத்தின் நெரிசலும் கிராமத்தின் வெறுமையும் இல்லாத மூன்றாவது வகை ஊரைக் கட்ட வேண்டும் என்று 1898இல் எபனேசர் ஹோவர்ட் புத்தகம் எழுதினார். அவர் போட்ட கணக்கு ஊருக்கு 32 ஆயிரம் பேர். அந்தக் கணக்கின்படி 1903இல் தொடங்கிய முதல் தோட்ட நகரம் நீ குடிபோக யோசிக்கிற ஊர்தான். 120 வருடத்துக்குப் பிறகும் அதன் மக்கள்தொகை அவர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது! அந்த யோசனை நம் ஊருக்கும் வந்தது, கடல் வழியாக, எம்டனைத் தாண்டி. 'சரியான எம்டன்' என்று நாம் சொல்கிறோமே, அந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. அடுத்த மாதம் கிளான் கிராண்ட் என்ற கப்பலை மூழ்கடித்தது. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இந்தியாவில் காட்டுவதற்காகச் சேர்த்திருந்த நகரமைப்புக் கண்காட்சியின் வரைபடங்களெல்லாம் அதோடு கடலில் போயின. அவர் அசரவில்லை. புதிதாகத் திரட்டி 1915 தொடக்கத்திலேயே சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். பிறகு தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று நம் ஊர்களை நடந்து பார்த்தார். பழைய தெருக்களை இடித்து அகலச் சாலை போடுவதுதான் அந்தக் கால அதிகாரிகளின் வைத்தியம். கெடிஸ் நாடி பார்த்து மருந்து கொடுக்கிறவர். இங்கே ஒரு சுவரை எடு, அங்கே ஒரு மரம் வை, ஊரை அதன் போக்கில் தேற்று என்றார். நம் கோயில் ஊர்களை அவரளவுக்கு மதித்த வெள்ளைக்காரர் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை.

அவருக்குப் பின்னால் 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவைக் காலத்தில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து ஒரு புது ஊர் எழுப்பினார்கள். 1925இல் மறைந்த தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர். நடுவில் பனகல் பூங்கா, கொஞ்ச தூரத்தில் நடேசன் பூங்கா, பள்ளிக்கூடங்கள், தோட்டத்தோடு வீடுகள். ஏரியின் ஞாபகமாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். அந்த தி.நகர் இன்று பிள்ளைகள் தெருவில் நடக்க முடியாத இடமாகிவிட்டதே என்று நீ கேட்பாய். ஆமாம். அதற்குக் காரணம் குடியிருப்பவர்கள் பெருகியதல்ல. பட்டுக்கும் பாத்திரத்துக்கும் நகைக்கும் தமிழ்நாடு முழுவதும் அங்கே வந்து இறங்கியது. வந்துபோகிறவர்கள் தொகை குடியிருப்பவர்களை விழுங்கியதும் வீடுகள் கடைகளாயின, பிள்ளைகள் வீட்டுக்குள் போயினர். 2019இல் அங்குள்ள பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்திய பிறகு மாலையில் குழந்தைகள் மறுபடி வெளியே வருவதைப் பார்க்கலாம். இழந்ததில் ஒரு துண்டு திரும்பியிருக்கிறது. நீயும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். லெட்ச்வொர்த்தில் ஆபத்து இதற்கு நேர்மாறாக இருக்கும். காலை ரயிலில் பெரியவர்கள் அத்தனைபேரும் லண்டனுக்குப் போய்விட்டால் பகலில் அந்த ஊர் வெறும் படுக்கையறை. வீட்டு விலையைப் பார்க்கிறதோடு, ஒரு புதன்கிழமை மத்தியானம் கடைத்தெருவில் யார் யார் நடமாடுகிறார்கள் என்றும் பார்.

அடையாறைச் சொல்லாமல் முடியாது. பிரம்மஞான சபையின் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறில் இருக்கிற அந்தச் சபைக்கு வந்தார். சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. போரில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. அவர் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்த 'தி அப்ஸார்பென்ட் மைண்ட்' 1949இல் வெளியானதும் சென்னையில்தான். குழந்தை, சுற்றி இருப்பதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. அப்படியானால் உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்பதல்லவா பெற்றோர் பார்க்க வேண்டியது? இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கு ஆச்சரியமாக இருக்கும். லெட்ச்வொர்த்தில் இருக்கிற செயின்ட் கிறிஸ்டோபர் பள்ளியை 1915இல் தொடங்கியவர்களும் பிரம்மஞான சபைக்காரர்கள்தான். அடையாறு ஆலமரத்தின் விழுது ஒன்று அங்கேயும் ஊன்றியிருக்கிறது.

நீ திருப்பிக் கேட்கக்கூடியது தெரியும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் வம்பும் அதிகம், பெண்குழந்தை எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று நூறு கண்கள் பார்க்கும். உண்மை. அந்தக் கண்கள் நெரித்த கழுத்துகள் உண்டு. இளம் விதவைகளின் படிப்புக்காக 1912இல் சகோதரி சுப்புலட்சுமி இல்லம் தொடங்க வேண்டியிருந்ததே இப்படிப்பட்ட ஊர்வாயால்தான். ஆனால் மாற்றுமருந்தும் அங்கேயே இருந்தது. ஒன்றுக்கு இரண்டு என்று சொன்னேனே, அதன் பயன் இதுதான்: ஒரு வட்டம் இறுக்கினால் நடந்துபோய்ச் சேர்ந்துகொள்ள இன்னொரு வட்டம் இருக்கும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மயிலாப்பூரின் நெருக்கம் யாருக்கு நெருக்கம்? மாட வீதியில் ஒரு சாதிக்கே வீடு என்றிருந்த காலத்தில் குப்பத்துப் பிள்ளைக்கு அந்த அரைமணி நடை மிக நீளமானது. 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறுப் பக்கம் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். மற்றப் பள்ளிகளின் கதவு அவர்களுக்குச் சாத்தியிருந்தது என்பதும் அதே செய்திதான். இதை மழுப்பிப் பேச எனக்கு விருப்பமில்லை. நடுத்தர ஊர் தானாக நல்ல ஊராகிவிடாது. பலவகைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால்தான் ஆகும்.

இதற்கு இப்போது பெரிய சான்று வந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள் முன்னேறுகிற ஊர்கள் எவை என்பதை மிக நன்றாக அடையாளம் காட்டியது, அங்கே ஏழையும் வசதியுள்ளவரும் எவ்வளவு நட்பாக இருக்கிறார்கள் என்பதுதான். செட்டி வேறு சிலரோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வறுமை மிகுந்த பகுதியை விட்டு 13 வயதுக்கு முன் நல்ல சூழலுக்குப் போன பிள்ளைகளின் பிற்கால வருமானம் 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிறகு போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஊர் அளவைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை, அது என் அனுமானம். மாநகரத்தில் பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் தனித்தனிப் பள்ளிக்கு அனுப்ப இடமும் வசதியும் உண்டு. நடுத்தர ஊரில் பல சமயம் ஒரே மைதானம், ஒரே நூலகம். உன் குழந்தைக்கு ஆறு வயது. 13க்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

வாய்ப்புகள் குறையுமே என்ற பயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மயிலாப்பூர்ப் பிள்ளைகள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு பஸ் ஏறிப் போனார்கள். 1997இல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தது, இப்போது லஸ் பக்கமெல்லாம் மெட்ரோவுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். பெரிய நகரம் பக்கத்தில் இருந்தால் போதும், அதற்குள்ளேயே படுத்துத் தூங்க வேண்டியதில்லை. உனக்கும் லண்டன் ஒரு ரயில் தூரம்தானே.

நம்மவர்கள் அங்கே அதிகம் இருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 'நான் எந்த ஊர்' என்று அவள் கேட்கும்போது மயிலாப்பூர் என்று நீ சொல்லிக்கொடுத்தால் அவள் வாயால் சொல்வாள். தான் மோர் ஊற்றிய தெருவும் கோலம் போட்ட கட்டமும் எங்கே இருக்கிறதோ, அந்த ஊரைத்தான் அவள் மனதால் சொல்வாள். லெட்ச்வொர்த் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் சொல்லட்டும். நீ மூன்று வருடமாக அவளை இங்கே கூட்டிவராததுதான் அதைவிட வலிக்கிறது. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் மாட வீதியில் ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்திக் கவிழ்த்து, இரண்டு குன்றிமணியைக் கண்ணாகப் பதித்துக் கையில் கொடுப்பார்கள். அவள் கையாலேயே பதிக்கட்டும், கேட்டால் கொடுப்பார்கள். அங்கே பள்ளி எப்போது திறக்கிறது, அதற்குள் வந்துபோக முடியுமா என்று பார்த்து எழுது.

உன் பெரியப்பா