சிப்பிப்பாறைக்கு ஓட இடம் வேணும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. அங்கே ஐந்து மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி சோபாவைப் பஞ்சு பஞ்சாகப் பிய்த்துவிட்டது.

திட்டினார்கள், கட்டிப்போட்டார்கள். ஆட்டம் இன்னும் கூடிப்போச்சு.

கட்டிப்போட்டால் எப்படி அடங்கும்? தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனம் அது. 2020-இல் ராஜபாளையம் நாயோடு சேர்த்து தேசிய அளவில் பதிவான நம்ம நாட்டு நாய்.

அதோடு, குட்டிக்கு நாலு மாதம் தொடங்கி ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடித்தே ஆகணும். செருப்பை ஒளித்துவைத்துவிட்டு, மெல்லுவதற்குக் கெட்டியான ரப்பர் பொம்மை கொடுக்கலாம்.

விடியற்காலையில் கடலூர் சில்வர் பீச் மணலில் குட்டி நீளக் கயிற்றோடு ஓடட்டும். தீனியை ஒளித்துவைத்துத் தேடவிட்டால் மூக்குக்கும் வேலை. மேலே பாய்ந்தால் கத்தாமல் திரும்பி நிற்கணும். நாலு காலும் தரையில் பட்டதும் தடவிக்கொடுக்கணும்.

உங்க வீட்டுக் குட்டி இன்னைக்கு ஓடுச்சா?