கன்னிப்பூ எந்தச் செடியில் பூக்கும்?

புரட்டாசி மாதம். நாஞ்சில் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணை. பள்ளிக்கூட நோட்டில் பூக்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த பேத்தி, பிச்சி, அரளி, செம்பருத்தி என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"பாட்டா, கன்னிப்பூ, கும்பப்பூன்னு சொல்லுவீங்களே, அது எந்தச் செடியில பூக்கும்?"

"அது நெல்லு மக்கா" என்று சிரித்தார் பெரியவர்.

தமிழில் 'பூ' என்றால் மலர் மட்டும் அல்ல. ஒரு போக விளைச்சலுக்கும் அதுதான் பெயர். ஒருமுறை விளைவது ஒருபூ நிலம், இருமுறை விளைவது இருபூ நிலம், மூன்று முறை என்றால் முப்பூ. கேரளத்திலும் ஒருப்பூ, இருப்பூ என்பார்கள். கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. விதைக்கும் மாதத்தை வைத்து அல்ல, அறுக்கும் மாதத்தை வைத்தே பெயர். அறுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்க வேண்டிய நாள் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேத்தியை வயலுக்குக் கூட்டிப்போனார். கதிர்களில் உமி திறந்து, வெண்மஞ்சள் மகரந்தப் பைகள் தொங்கின. "இதுதான் பூவு. ஒன்றிரண்டு மணி நேரத்துல மூடிரும். இது பிடிச்சாத்தான் பால் கட்டும், மணி நிறையும். அதான் விளைச்சலையே பூன்னு சொன்னாங்க." அதனால்தான் பூக்கும் சமயத்தில் காலையில் மருந்து அடிக்கக் கூடாது, வயல் காயவும் கூடாது.

சொல்லி முடித்ததும் பெரியவர் முகம் வாடியது. அறுவடை முடிந்திருக்க வேண்டிய புரட்டாசியில் இப்போதுதான் பூ. பேச்சிப்பாறை தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரத் தாமதமானதால் நடவு பிந்தியது. இனி அறுப்பு ஐப்பசி மழையில்தான். அதற்குப் பிறகு நாற்றங்கால் போட்டால் கும்பப்பூ தவறிவிடும். ஏற்கெனவே பக்கத்து வயல்கள் வாழையாகவும், வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. இருபூ நிலம் ஒருபூ ஆனால், அடுத்து மனைக்கல் தன் வயலுக்கும் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வரப்பில் நின்றபடியே விரல் மடக்கி எண்ணினார். பூவிலிருந்து அறுப்புக்குச் சுமார் முப்பது நாள். பூத்த பத்தாம் நாள் மேட்டு மூலையில் நாற்றங்கால் போட்டால், அறுப்பின்போது இருபது நாள் நாற்று கையில் இருக்கும். அறுத்து, உழுது, உடனே நட்டுவிடலாம். நீண்ட நாள் ரகத்தை விட்டு, 110 முதல் 115 நாளில் வரும் அம்பை 16 போட்டால், மாசிக்குள் களத்துக்கு வந்துவிடும்.

அன்று மாலையே விதை நெல் சொல்லி வைத்தார்.

பேத்தி நோட்டை எடுத்து, செம்பருத்திக்குக் கீழே எழுதினாள்: கன்னிப்பூ – நெல். கும்பப்பூ – அதுவும் நெல், மாசியில்.