கச்சான் காற்றும் கியர் லிவரும்

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை சைக்கிளில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. அப்புறம் இந்த ஊருக்குக் கியர் சைக்கிள் எதற்கு என்று கேட்பவரை ஆடி மாதத்தில் ஒருநாள் உச்சிப்புளி வழியாக மேற்கே மிதிக்கச் சொல்ல வேண்டும். எதிர்க்காற்றான கச்சான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சாலை மட்டமாகக் கிடக்க, கால் மட்டும் மலையேறிக்கொண்டிருக்கும். ஒரு கியர் கீழே, இன்னொரு கியர் கீழே என்று தளர்த்திக்கொண்டே வந்தால்தான் மூச்சு மிஞ்சும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு, வெளியூர்ப் பிள்ளைகள் கியர் சைக்கிளோடு வந்து இறங்குகிறார்கள். இடப்பக்கம் பாக் கடல், வலப்பக்கம் மன்னார் கடல், நடுவே பக்கவாட்டுக் காற்று. அங்கேயும் கியர்தான் காப்பாற்றும்.

சங்கடம் என்னவென்றால், கியரைத் தேவையாக்குகிற அதே காற்றுதான் கியரைத் தின்கிறது.

தண்ணீர் பட்டால் துரு என்று நினைக்கிறோம். மழைத் தண்ணீர் காய்ந்துபோகும்; உப்பு காயாது. சோற்று உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன். அதற்கு 33 சதவீதம் போதும். வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது அதுதான். ஆகவே கடலோரத்தில் நிறுத்திய சைக்கிள் கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், அதன் இரும்பு இரவும் பகலும் ஈரமாகவே இருக்கிறது. உலகத்திலேயே அதிகம் அரிக்கும் இடங்களில் மியாமிக்கு அடுத்தது பாம்பன் என்று அங்குள்ள ரயில் பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். முதலிடமா இரண்டாமிடமா என்ற பந்தயம் எனக்கு முக்கியமில்லை. ஆனால் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிப்பதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததை யோசித்துப் பாருங்கள். நாம் சைக்கிள் நிறுத்துகிற இடம் அவர்களுக்குச் சோதனைக்கூடம்.

செயினில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. யாராவது எண்ணெய் விட்டுவிடுவார்கள். லிவர் மூடிக் கிடப்பதால் அதை யாரும் நினைப்பதில்லை. கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலால் ஒன்றும் ஆள்காட்டி விரலால் ஒன்றுமாக அழுத்துகிறோமே, அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒரு பல்சக்கரம், அதில் விழுந்து பிடிக்கும் நகக்கண் அளவுக் கொக்கிகள், அவற்றைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங்குகள். ‘டிக்’ என்ற சத்தம் கொக்கி பல்லில் விழுகிற சத்தம். ஷிமானோ 1984இல் இந்த ‘டிக்’ முறையைப் பந்தய சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு லிவரைக் கையால் உத்தேசமாக நகர்த்தி, செயின் உட்காரும் இடத்தைக் காதால் கேட்டுப் பிடிப்பார்கள். ஒயர் கொஞ்சம் துருவேறி இழுத்தாலும் கை அதைச் சரிசெய்துகொள்ளும். இப்போது கணக்கெல்லாம் லிவருக்குள். ஏழு பல் (பின்சக்கரப் பல்சக்கரம்) கொண்ட வண்டியில் ஒரு டிக்குக்கு ஒயர் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதில் அரை மில்லிமீட்டரை உப்பு விழுங்கினாலே செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கரகரக்கும்.

நோய் எங்கே என்று கண்டுபிடிக்க வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. பெரிய பல்லுக்கு ஏற்றும்போது சரியாக ஏறி, சின்னப் பல்லுக்கு இறங்கும்போது தயங்கினால் கோளாறு ஒயரில். ஏற்றுவது நம் கட்டைவிரலின் பலம். இறக்குவது, செயினை நகர்த்தும் டீரெய்லரின் ஸ்பிரிங் பலம். ஒயரை மூடியிருக்கும் அவுட்டர் துருவேறினால் அதற்குள் அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் ஒயரை இழுக்க முடியாது. அப்படியில்லாமல் லிவரை அழுத்தினால் சத்தமே இல்லாமல் வெறுமனே ஆடினால், கொக்கி பல்லில் விழவில்லை என்று அர்த்தம். கம்பெனியில் வைத்த கிரீஸ் வெயிலில் காய்ந்து பிசினாகிவிட்டிருக்கும். இந்த இரண்டாவது கோளாறுக்குத்தான் பாதிப் பேர் ‘லிவர் போச்சு’ என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். லிவர் போகவில்லை, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ராமேஸ்வரத்துப் பழைய சைக்கிள் கடை ஒன்றில் இதற்குக் கேட்ட வைத்தியத்தை அப்படியே சொல்கிறேன்.

“எண்ணெயெல்லாம் அப்பறம் தம்பி. மொதல்ல நல்ல தண்ணியக் காட்டுங்க.”

“என்ன பாய், இரும்புக்குப் போய் தண்ணியா?”

“உப்பு மேல எண்ணெய ஊத்துனா எண்ணெய் உப்பத்தான் பத்திரமா வச்சிருக்கும்.”

இதை மிஞ்சி எந்தப் புத்தகமும் சொல்லிவிடப் போவதில்லை. கடலோரம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் லிவரையும் ஒயர் நுழையும் வாயையும் துடைக்க வேண்டும். சர்வீஸ் கடைக்காரர் பிரஷர் ஹோஸைப் பிடித்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். வெளியிலிருக்கும் உப்பையெல்லாம் அது உள்ளே அனுப்பிவிடும். துடைத்தபின் நிழலில் காற்றாட விட வேண்டும்.

ஒட்டிக்கொண்ட லிவருக்கு: செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கி ஒயரைத் தளர்த்திவிட்டு, ஒயர் நுழையும் ஓட்டை வழியாக டபிள்யூடி-40 மாதிரி ஒன்றைப் பீய்ச்சி லிவரை விடாமல் அழுத்த வேண்டும். பழுப்பாக ஒழுகும், தெளிவாகும் வரை விடக்கூடாது. இந்த டபிள்யூடி-40 பிறந்தது 1953இல், அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. ஆனால் அது முக்கியமாகக் கழுவும் திரவம். பழைய கிரீஸைக் கரைத்துவிட்டுத் தானும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அதோடு வேலை முடிந்தது என்று விட்டால் கொக்கி வெற்று உலோகமாக உப்புக்காற்றின் முன் நிற்கும். கழுவியபின் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டே ஆக வேண்டும். அதற்கு வீட்டிலிருக்கும் தையல் மிஷின் எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய் கூடாது. நாளானால் பிசுபிசுத்துப் பிசினாகும், மார்கழி விடியலில் உறைந்தும் போகும். கடையில் அள்ளி அப்பும் மஞ்சள் கிரீஸும் கூடாது. ஸ்பிரிங் அத்தனை மெல்லியது, அந்தக் கிரீஸுக்குள் கொக்கி மாட்டிக்கொண்டு விழாது. அதுவும் தனுஷ்கோடி மணல் பறக்கிற ஊரில் கிரீஸ் பூசுவது மணலுக்கு விருந்து வைப்பது. எண்ணெய் விட்டபின் வெளியே வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுப்பதை எண்ணெய் விடுவதை விடப் பெரிய வேலையாக நான் நினைக்கிறேன்.

லிவரை மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் ஒருமுறை துள்ளினால் அதைக் கடற்கரையில் தேட வேண்டியதுதான்.

கைப்பிடியைத் திருகி மாற்றும் வகையும் சின்னப் பிள்ளைகள் வண்டிகளில் நிறைய இருக்கிறது. அதில் பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக் உரசுகிறது. பெட்ரோலிய கிரீஸ் சில பிளாஸ்டிக்கை உப்ப வைத்துவிடும், சிலிக்கான் கிரீஸ்தான் சரி. டிக் சத்தமில்லாத பழைய லிவருக்கோ எண்ணெயே ஆகாது. அது வாஷர்களின் உராய்வில்தான் நிற்கிறது. எண்ணெய் பட்டால் ஏற்றத்தின் நடுவில் தானே வழுக்கி இறங்கும்.

பெரிய இயந்திரத்துக்கும் இந்தக் கடலில் இதே கதைதான். 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப்பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2022 டிசம்பரில் ரயில் நிற்கும் வரை அந்தப் பாலத்துக்குப் பெயிண்டும் பராமரிப்பும் ஓயாத வேலை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மோட்டாரில் செங்குத்தாக மேலே போகிறது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். பாலத்துக்கே உப்பிடமிருந்து இத்தனை காவல் வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சைக்கிளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

ஒயர் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் ஒயர் தடிமனானது. கியர் ஒயர் 1.2 மில்லிமீட்டர்தான். அவுட்டரும் வேறு. பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாக ஓடும், அழுத்தினால் சுருங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், சுருங்காது. அவசரத்தில் கடையில் இருப்பதை மாட்டிக்கொண்டு வந்தால் எத்தனை எண்ணெய் விட்டாலும் டிக் கணக்கு சேராது. நாகம் பூசிய ஒயர் விலை குறைவுதான். அந்தப் பூச்சை உப்பு சீக்கிரமே தின்றுவிடும். கடற்கரைக்காரர்கள் கடையில் ஸ்டெயின்லெஸ் ஒயர் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மதுரைக்கு யாராவது போகும்போது சொல்லி அனுப்புங்கள்.