காற்று நுழையலாம், வெளிச்சம் நுழையக்கூடாது

எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, முதல் மாடி உயரத்தில், புதிதாக ஒரு எல்இடி விளக்குக் கம்பம் வந்தது. அந்த ஆண்டு தொட்டியில் இருந்த சாமந்தி பூக்கவில்லை. பூச்சி இல்லை, நோய் இல்லை. கார்த்திகை போய் மார்கழி பிறந்த பிறகும் கரும்பச்சை இலையோடு செழித்து வளர்ந்துகொண்டே இருந்தது. மொட்டு மட்டும் வைக்கவில்லை. நள்ளிரவில் பால்கனியில் நின்றால் செய்தித்தாளின் தலைப்பை வாசிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். நமக்கு அது இரவு. சாமந்திக்கு அது முடியாத பகல்.

சாமந்தி ஒரு குறும்பகல் தாவரம். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும் காலம் வந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். இந்த உண்மையை உலகுக்குச் சொன்னது ஓர் இருட்டுப் பெட்டிதான். 1918 கோடையில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் பண்ணையில் சோயாச் செடிகளையும் மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலையையும் மாலை 4 மணிக்கு இருட்டான கொட்டகைக்குள் தூக்கி வைத்தார்கள். மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும் வயலில் பூக்க மறுத்த அந்தப் புகையிலை, இப்படிச் செய்ததும் நடுக்கோடையிலேயே பூத்தது. 1920-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பின்னாளில் தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டியில் தொட்டிகளை ஏற்றி, இருட்டறைக்கு உள்ளும் வெளியுமாக ஓட்டினார்கள். தாவரவியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, வெளிச்சம் புகாத ஒரு கொட்டகையும் நேரம் தவறாத கைகளும் சேர்ந்து நடந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம்மாலும் முடியும் என்ற தைரியத்தை அது தருகிறது.

1938-ல் சிகாகோவில் ஹாம்னர், பானர் இருவரும் இன்னொரு படி போனார்கள். நம் ஊர் வேலியோரங்களில் மருளூமத்தை என்று முளைக்கும் முள்காய்ச் செடிதான் அவர்களுடைய சோதனைச் செடி. நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள், செடி பூக்கவில்லை. பகலின் நடுவில் சிறிது நேரம் இருட்டாக்கினார்கள். அது செடிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஆக, செடி அளப்பது பகலின் நீளத்தை அல்ல, இடையில் அறுபடாத இரவின் நீளத்தை.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், மிகக் குறுகியது சுமார் 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் பழைய சம்பா நெல் வகைகள் பல கதிர் விட்டன. எந்த நாளில் நாற்று விட்டாலும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் கதிர் வாங்கும். இத்தனை நுட்பமான கணக்கின் மேல் ஒரு விளக்கைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். தெருவுக்கு விளக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இருட்டும் செடிக்கு ஓர் ஊட்டம் என்பதை நகரத்தில் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

அதனால்தான் கூடத்தின் மூலையில் ஒரு பெட்டி செய்ய இறங்கினேன். பகலில் உள்ளே எல்இடி பட்டை எரிய வேண்டும், இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை கும்மிருட்டாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கூடத்தில் டியூப்லைட், தொலைக்காட்சி, ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு, எல்லாம் இருக்கும். செலவு கையைக் கடிக்கக்கூடாது.

முதல் கேள்வி, எவ்வளவு இருட்டு போதும் என்பது. இது தெரியாமல் செலவு செய்தால் பணம் தண்ணீராய்ப் போகும். பசுமைக்குடிலில் சாமந்திக்குக் கறுப்புத் துணி மூடுபவர்கள், துணிக்கு அடியில் சுமார் 20 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முழுநிலவின் வெளிச்சம் ஒரு லக்ஸின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால் நிலவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கூடத்து வெளிச்சம் ஒரு விரிசல் வழியாக ஒரே கிளையின் மேல் நேராக விழுந்தால் கதை வேறு. ஓசூர்ப் பக்கம் ஒரு குடிலில் வேலை பார்ப்பவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “துணி கிழிஞ்ச எடத்துக்கு நேரா இருக்குற வரிசை மட்டும் பச்சையாவே நிக்கும் சார். மத்ததெல்லாம் மொட்டு விட்டுரும்.” மொத்த இருட்டைவிட, நேர்க்கோட்டில் நுழையும் கீற்றை அடைப்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது. சிவப்பு வெளிச்சத்தைத்தான் செடியிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி மிக நன்றாக உணரும், சுமார் 660 நானோமீட்டர் அலைநீளத்தில். ஆகவே பெட்டிக்குள் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்தால் அதன் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

பெட்டிக்குப் பலவற்றைப் பார்த்தேன். மீன் வரும் தெர்மகோல் பெட்டி சும்மாவே கிடைக்கும், ஆனால் வெள்ளைத் தெர்மகோல் வெளிச்சத்தை உள்ளே விடும். அட்டைப்பெட்டி செடியின் ஈரத்தில் ஊறித் தொங்கிவிடும். இரும்பு பீரோ அருமையானது. ஓட்டை போடத்தான் ஆள் வேண்டும். கடைசியில் வீடு காலி செய்து போனவர்கள் விட்டுச்சென்ற ஒற்றைக் கதவு பிளைவுட் அலமாரி அமைந்தது.

பலகை வழியாக வெளிச்சம் வராது. வருவது சேர்மானங்கள் வழியாக: கதவின் விளிம்பு, கீல், முதுகுப்பக்க ஹார்டுபோர்டு ஆணியடித்த இடம், பழைய பூட்டுக்குப் போட்ட துளை. இவற்றில் கதவுதான் பெரிய பாடு. மரவேலை செய்யும் ஆசாரியிடம் கேட்டேன்.

“கதவு மூடினா ஒரு கீத்து கூட உள்ள போகக்கூடாது, ஆசாரி.”

“கதவு நேரா பலகை ஓரத்துல மோதுற வரைக்கும் போகத்தான் சார் செய்யும். உள்பக்கம் சுத்தி ஒரு ரீப்பர் அடிச்சுருங்க. கதவு அதுல போய் உக்காரும். வெளிச்சம் திரும்பி வரணும்னா எங்க வரும்?”

முக்கால் அங்குல ரீப்பரைக் கதவுச் சட்டத்தின் உள்பக்கம் நான்கு ஓரமும் ஓட்டி அடித்தார். அதன் முகத்தில் ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் கறுப்பு நுரைப் பட்டையை ஒட்டினேன். கதவை மூடும்போது நுரை பாதியாக நசுங்க வேண்டும். முழுக்க நசுங்கினால் சில மாதங்களில் செத்துப்போய் எழும்பாது, தொட்டும் தொடாமலும் இருந்தால் மூலையில் வாய் பிளக்கும். கீல் இருக்கும் பக்கம் ஒரு சங்கடம் உண்டு. அங்கே கதவு நேராக வந்து அழுத்தாது, உரசிக்கொண்டு திரும்பும். நுரை உரிந்து சுருண்டுவிடும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நுரையை விட்டுவிட்டு, நான்கு விரல் அகலக் கறுப்பு ரெக்சினை மேலிருந்து கீழ்வரை மடிப்பாக ஒட்டி, ஒரு ஓரத்தைச் சட்டத்திலும் மறு ஓரத்தைக் கதவிலும் குண்டூசி ஆணியால் அடித்தோம். திறந்தால் விரியும், மூடினால் மடியும். கதவில் நடுவில் ஒரு தாழ்ப்பாள் போதாது; மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டால்தான் பழைய பிளைவுட் கதவு வளையாமல் ஒட்டி நிற்கும்.

முதுகுப்பக்கத்துக்குப் பெரிய செலவில்லை. மதுராந்தகம் பக்கம் தர்பூசணி போட்ட உறவினர் வீட்டில் மிச்சம் கிடந்த மல்ச்சிங் ஷீட் வந்தது. ஒரு முகம் வெள்ளி, மறுமுகம் கறுப்பு. வெள்ளி உள்ளே பார்க்கும்படி விரித்தால் விளக்கொளியைச் செடிக்கே திருப்பும். கறுப்பு முகம் வெளிச்சத்தைத் தடுக்கும். 25, 30 மைக்ரான்தான் கனம் என்பதால் இரட்டையாகப் போட வேண்டும். குப்பைக்குப் போடும் கறுப்புக் கவரை நம்பவே கூடாது, வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஊடாக வெளியே தெரியும். பார்சல் கட்டும் பிரவுன் டேப்பும் அப்படித்தான்; அடைத்ததுபோல் தோன்றும், அடைக்காது. சிறு துளைக்கு எம்-சீல். நீள இடுக்குக்குக் கறுப்புச் சார்ட் பேப்பரும் மைதாப் பசையும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பசையில் துளி மயில்துத்தம் கலப்பார்கள், கரப்பானும் பூச்சியும் அரிக்காமல் இருக்க. அது விஷம், கையைக் கழுவ வேண்டும், தொட்டி மண்ணில் விழக்கூடாது.

இத்தனையும் அடைத்தால் பெட்டி ஒரு வெந்நீர் அறையாகிவிடும். இரண்டு 20 வாட் பட்டைகள் எடுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் உள்ளே தங்கும். காற்று போய்வர வேண்டும். இந்த வேலையில் என் மனம் முழுக்கத் தோய்ந்தது இந்த இடத்தில்தான்.

காற்று வளைந்து போகும். வெளிச்சம் நேராகத்தான் போகும். திரும்ப வேண்டுமென்றால் எதிலாவது பட்டுத் தெறிக்க வேண்டும். தெறிக்கும் இடமெல்லாம் மங்கல் கறுப்பாக இருந்தால் ஒவ்வொரு மோதலிலும் பெரும்பகுதி விழுங்கப்பட்டுவிடும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் இருட்டறைக்குக் கதவே இல்லாமல், கறுப்பு அடித்த சுவர் இரண்டு முறை திரும்பும் வழி மட்டும் வைத்திருப்பார்கள்; ஆள் தாராளமாகப் போய்வருவார், ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது. அதையே குழாயில் செய்யலாம். மூன்று அங்குல பிவிசி எல்போ இரண்டை ஒன்றோடொன்று எதிர்த்திசையில் செருகினால் வாய்க்கு வாய் நேர்க்கோடு இல்லாமல் போகும். உள்ளே அடிக்க பிளாக்போர்டு பெயின்ட். பளபளக்கும் எனாமல் வேண்டாம், கறுப்பாக இருந்தாலும் அது வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி வழுக்கி அனுப்பும். குழாயின் உள்வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடித்தால் பெயின்ட் உரியாது. கீழே காற்று வர இரண்டு, மேலே போக ஒன்று. மேலே உள்ளதன் வாயில் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி, 12 வோல்ட். இழுக்கும் வாயைவிட வரும் வாய் பெரிதாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் விசிறி மூச்சுத்திணறிச் சத்தம் போடும், காற்று நுரைப் பட்டையின் இடுக்கைத் தேடிப் போகும்.

சோதிக்க ஒரு செல்போன் போதும். கூடத்து விளக்கெல்லாம் அணைத்து, டார்ச்சைப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடி, சுற்றிவந்து பார்த்தால் ஊசித்துளையும் நட்சத்திரமாய்த் தெரியும். சாக்பீஸால் குறித்துக்கொண்டு அடைக்கலாம். ஆணி முனை வெளியே வந்த இடங்கள்கூட மின்னும். உள்ளிருந்து வருவது வெளியே தெரியாவிட்டால், வெளியே இருப்பதும் உள்ளே போகாது.

ஏழு மணிக்கு முன்னால் இருட்டாக்கக்கூடாது என்பது ஓசூர்க்காரர் சொன்ன இன்னொரு பாடம். மாலை ஐந்து மணிக்கே மூடினால் தேங்கிய வெப்பம் இருட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். சூடான இரவில் சாமந்தி மொட்டு வைப்பதைத் தள்ளிப்போடும். சென்னையில் இது மிக முக்கியம். விளக்கு அணைந்த பிறகும் விசிறி ஓடட்டும்; இருட்டுக்கும் காற்று வேண்டும்.

நுனிக்கொழுந்தை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்றுகளுக்கு முதலில் நீண்ட பகல்தான் தேவை, தண்டு வளர்வதற்காக. அந்த வாரங்களில் அவை பால்கனியிலேயே இருக்கட்டும். தெருவிளக்கு அவற்றுக்கு உதவியே செய்கிறது. பிறகு பெட்டிக்குள் போனால், வகையைப் பொறுத்து எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். மொட்டில் நிறம் தெரியும் வரை ஓர் இரவுகூட விடக்கூடாது. நிறம் தெரிந்துவிட்டால் வெளியே எடுக்கலாம், இனி எந்த விளக்கும் அதைத் தடுக்காது. நுனியில் பட்டாணி அளவுக்குத் திரண்ட பச்சை முடிச்சைக் கையால் தொட்டுப் பார்த்த காலையில் உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

மேல் வீட்டு மாமி தன் பாயின்செட்டியாவுக்கு இடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பதினான்கு மணி இருட்டு வேண்டும், சாமந்திக்குப் பதின்மூன்று போதும். மாலை ஆறு மணிக்கே மூடினால் இரண்டும் ஒன்றாக இருக்கும். சித்திரை, வைகாசியில் அந்த வெப்பத்தில் முடியாது, ஐப்பசி மழைக்குப் பிறகு முடியும். “அதுக்குள்ள நுரைப் பட்டையை மாத்திரு, என் செடி ரொம்ப ரோஷக்காரி” என்றார் மாமி. சரிதான், சாமந்தியைவிட அது சின்ன வெளிச்சத்துக்கும் கோபித்துக்கொள்ளும். புதுப் பட்டை வாங்கியாகிவிட்டது.