காலைக் கள், மாலைக் கள்

புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் தாண்டிக் கடலூர் சாலையில் தெற்கே போனால் தென்னந்தோப்புகள் தொடங்கிவிடும். அப்படி ஒரு தோப்பில், விடிகிற வேளையில், கள் இறக்கும் பெரியவர் ஒருவரோடு நின்றிருந்தேன். பேசிக்கொண்டே காலில் நார்வளையத்தை மாட்டியவர், அடுத்த கேள்வியை நான் கேட்பதற்குள் பாதி மரம் ஏறிவிட்டார்.

இறங்கி வந்ததும் ஒரு பாளையைக் கையில் கொடுத்தார். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டி இளக்க வேண்டுமாம். "அடி பலமா விழுந்தா உள்ள பூ நசுங்கி அழுகிடும் தம்பி. பத்தலன்னா சுரக்காது." சுரக்கத் தொடங்கியபின் காலையும் மாலையும் நுனியைச் சீவ வேண்டும். அவர் சீவிய சில்லை வெயிலில் பிடித்தேன். பின்னாலிருந்த விரல் நிழலாகத் தெரிந்தது. தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு வேளை விட்டாலும் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மழையோ காய்ச்சலோ, ஏறித்தான் ஆக வேண்டும்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் பதநீர். பூசாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கும், இறக்கும்போதே கள். அயர்லாந்தின் பாட் ஸ்டில் விஸ்கிக்கு முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பார்லியும் சேர்த்துப் புளிக்கவைத்து வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைக்கிறார்கள். முகர்ந்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, நிதானமாகப் பருகுகிறார்கள். கள்ளுக்கு வயது மணிக்கணக்கில்தான். ஆனாலும் அதே நிதானம் அதற்கும் வேண்டும் என்பது என் கட்சி.

நகர ஓரக் கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுப்பவர் அதை அறிந்தவர். "காலக் கள்ளா, நேத்து மாலக் கள்ளா அண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டையும் ஒரே பானையில் கலக்கவே மாட்டார். பழசு புதுசையும் புளிக்கவைத்துவிடும். துணியில் வடிகட்டி, நுரை அடங்கவிட்டு, நெத்திலி வறுவலோடு நீட்டினார். காலைக் கள்ளில் இனிப்பு முந்துகிறது. நாக்கில் லேசான சுறுசுறுப்பு, பின்னால் பாளை வாசம். மதியத்துக்குள் இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி. மாலைக்குள் புளிப்பு ஓங்கும், போதையும் ஏறும். மேலும் விட்டுவைத்தால் காடிதான்.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே கலால் துறை ஏலம் விடும் கடைகளில் அது வெளிப்படையாக விற்கிறது. சட்டம் இடம் கொடுத்தும் மரமேற இளைஞர்கள் வருவதில்லை. விழுந்தால் முதுகெலும்பு போகும் தொழில், மதிப்போ குறைவு. கடற்கரைச் சாலை விடுதிகளின் பட்டியலில் விஸ்கிக்கு ஊரும் வயதும் போடுவதுபோலக் கள்ளுக்குத் தோப்பின் பெயரும் இறக்கிய நேரமும் ஏறியவர் பெயரும் போட வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"பேரப் போடட்டும் அண்ணே," என்றார் அவர். "அதோட ஏறுனவருக்கு லிட்டருக்குக் கூட நாலு ரூவாயும் போடட்டும்."