பவானிக்கு ஏன் பயந்தோம்?

1989 அக்டோபரில் ஒரு நாள் காலை, மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் நிறுத்தியிருந்த என் சைக்கிளில் சங்கிலி இல்லை. எடுத்தவன் அடுத்த வரிசை வீட்டுக் கல்லூரி மாணவன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தான். "ஒரே இழுப்புல வரலை அண்ணா, ஸ்பேனர் போட வேண்டியதாயிடுச்சு" என்றான் அசடு வழிய.

ஹைதராபாத், செகந்திராபாத் இளைஞர்களுக்கு அப்போது 'சிவா' ஜுரம். அமீர்பேட்டையில் வீடியோ கடை நடத்திய ராம் கோபால் வர்மா என்ற எஞ்சினியரின் முதல் படம். கல்லூரி ரவுடிகளை எதிர்க்கும் மாணவனாக நாகார்ஜுனா. சைக்கிள் சங்கிலியை இழுத்து எடுத்து ஜே.டி.யை அவர் விளாசும் காட்சியில் தியேட்டர் அதிர்ந்தது. 'உதயம்' என்ற பெயரில் தமிழிலும் வந்து ஓடியது.

படம் ஸ்டைலானது என்பதில் சந்தேகமில்லை. கேமரா ஆட்களின் பின்னாலேயே ஓடியது. இளையராஜா எங்கே வாசிக்க வேண்டும் என்பதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். ஆனால் எனக்குப் படம் என்றால் ரகுவரன்தான்.

அதுவரை தெலுங்கு வில்லன்கள் பேசிப் பேசியே மிரட்டியவர்கள். 'முத்யால முக்கு' (1975) ராவ் கோபால ராவின் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே உண்டு. ரகுவரனின் பவானியோ அதிகம் பேசவில்லை. உயரமான, மெலிந்த உடம்பு. குத்துச்சண்டை போட்டால் நாகார்ஜுனாவிடம் ஒரு நிமிடம் தாங்குவாரா என்பதே சந்தேகம். ஆனாலும் அவர் திரும்பிப் பார்த்தால் வயிற்றைப் பிசைந்தது. என் அம்மாவால்தான் நம்ப முடியவில்லை. அவருக்கு ரகுவரன், 'சம்சாரம் அது மின்சார'த்தில் (1986) அப்பாவிடம் கணக்குப் பார்த்த மூத்த பிள்ளை. "அந்தக் கருமிப் பையனா இது?" என்றார். அதுதான் விஷயம். பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய முகம் என்பதால்தான் பயந்தோம்.

நாகார்ஜுனா தேர்வில் எனக்கு அன்றும் ஒரு குறை உண்டு. நன்றாகவே நடித்தார். ஆனால் அவ்வளவு அழகான ஒருவர் சங்கிலியைச் சுற்றினால் சங்கிலியும் அழகாகிவிடுகிறது. அமலாவுக்கோ, சிவாவைப் பார்த்துச் சிரிப்பதையும் பிறகு கவலைப்படுவதையும் தவிரப் பெரிய வேலையில்லை.

இந்தக் குறையை நான் சும்மா சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்த மாணவன் கல்லூரித் தகராறு ஒன்றில் சிக்கினான். கையில் சங்கிலி. நெற்றியில் ஏழு தையல், போலீஸ் வழக்கு, ஒரு வருடப் படிப்பு வீண். சினிமாதான் காரணம் என்று அவன் அப்பா புலம்பினார். நான் வாய் திறக்கவில்லை. அவனை 'சிவா'வுக்கு முதலில் அழைத்துப் போனவன் நான். சங்கிலிக் காட்சிக்கு அவனுக்கு முன்பே விசிலடித்தவனும் நான்தான்.

2025 நவம்பரில் 'சிவா' புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியானது. ரகுவரன் மறைந்து 17 வருடங்கள் ஆகியிருந்தன. மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறிப் போய்ப் பார்த்தேன். சங்கிலிக் காட்சிக்கு அதே ஆரவாரம். 1989-ல் பிறந்தேயிராதவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். சிவா தட்டிக் கேட்டதற்கு விலையாக அவன் அண்ணன் மகளான சிறுமி கொல்லப்படும் இடத்தில் அரங்கம் அடங்கிப் போனது. அந்த விலையை வர்மா அன்றே காட்டியிருக்கிறார். 1989-ல் வீடு திரும்பும்போது அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. சங்கிலியைப் பற்றித்தான் பேசினோம்.

அந்த மாணவனுக்கு இப்போது 55 வயது. வேறு ஊரில் இருக்கிறான். இரவு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"சங்கிலி சீனுக்கு இன்னும் விசிலடிக்கிறாங்களா அண்ணா?"

"அடிக்கிறாங்கப்பா."

"நீங்க?"

"அடிக்கலை" என்றேன். விரல் உதடுவரை போனதை மட்டும் சொல்லவில்லை.